சும்மா இருக்கும் சுவர்

என் தம்பி இலியாஸுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவன் மனைவி ஷாஹிதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதர்பேட்டையில், பனியன் துணி பின்னும் கம்பெனியை ஒட்டிய வீட்டில் இருக்கிறார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் இரவும் பகலும் மெஷின் ஓடும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே எனக்குத் தலை வெடித்துவிடும். ஷாஹிதா மாசமானதும், குழந்தை பிறப்பதற்குள் இவர்களை நிம்மதியான இடத்துக்கு மாற்றியே தீருவதென்று முடிவுகட்டினேன். நான் முடிவுகட்டினால் கட்டியதுதான்.

ஊருக்கு வெளியே ஒரு வீடு பிடித்தேன். அங்கே காக்கா கத்தினால்தான் சத்தம். இருவரையும் ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஷாஹிதா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அடுத்த அறைச் சுவரிலும் வைத்தாள். ஓதம் இருக்கிறதா என்று பார்க்கிறாள், கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். அவளோ முகம் வாடிப்போய், இலியாஸின் உள்ளங்கையில் விரலால் ஏதோ தட்டினாள்.

"என்னடா சொல்றா?"

"சுவரு சும்மா இருக்குதுங்கறாக்கா."

"சும்மா இருக்காம சுவரு ஆடவா செய்யும்?"

"அங்க அதிருமுல்லக்கா. மெஷினு ஓடறது அவளுக்குச் சுவத்துலதான் தெரியும். அதுமேல கைய வெச்சுட்டுத்தான் தூங்குவா. மெஷினு நின்னா பதறி முழிச்சுக்குவா. நிம்மதின்னா அவளுக்கு அதுதான்."

"உனக்கு?"

"எனக்கும் அந்தச் சத்தம் வேணும். அது எந்தப் பக்கம் கேக்குதோ, அத வெச்சுத்தான் எனக்குக் கதவு, அடுப்பு எல்லாம். இங்க எங்க நிக்கறேன்னே தெரியலக்கா."

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. நிம்மதி என்றால் சத்தமில்லாமல் இருப்பது. ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயத்தில் இதென்ன புதுக் கூத்து? திட்ட வாயெடுத்தேன்.

ஷாஹிதா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே குழந்தை விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டேன். அந்தக் கையை அப்படியே எடுத்துச் சுவரில் வைத்தாள். அசைவே இல்லை. சில்லென்று கிடந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, ஊடு புடிச்சுதுங்களா? துளி சத்தம் இருக்காதுங்க."

"ஆமாங்க," என்றேன். "அதுதானுங்க குறை."