மணல் நகராத மூலை

சுண்டுவுக்கு வேலை வீடு கட்டுவது. ஆனால் அவள் கட்டுகிற வீட்டில் ஓர் எறும்பு குடும்பத்தோடு குடியேறினால் இடம் சரியாகப் போய்விடும். ஊரில் யாராவது ஐம்பது மாடி, அறுபது மாடி என்று கிளம்பினால், கட்டுவதற்கு முன்னால் காற்று அதை என்ன பாடு படுத்தும், அது காற்றை என்ன பாடு படுத்தும் என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்கென்று இருக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் அவள் மாடல் செய்கிறாள்.

அங்கே ஒரு லாரியே உள்ளே நிற்கும் அளவுக்கு நீளமான மரக்கூண்டு. ஒரு முனையில் ஆளை விழுங்குகிற மாதிரி விசிறி, நடுவில் சுழலும் வட்ட மேசை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல். மேசையின் நடுவில் டவரின் மாடலை நிறுத்துவார்கள். அதன் உடம்பெல்லாம் ஊசித் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் அடியில் உள்ள கருவிக்கு ஓடும். காற்று எந்தச் சுவரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது, எந்தச் சுவரைப் பிடித்து இழுக்கிறது என்று அந்தக் கருவி சொல்லிவிடும். டவரைச் செய்வது இயந்திரம். டவரைச் சுற்றியுள்ள தெருக்களையும், வீடுகளையும், கடைகளையும் தெர்மோகோலில் சூடான கம்பியால் அறுத்து ஒட்டுவது சுண்டு. அவளுடைய சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் அக்கா போனில் "சுண்டு" என்று கூப்பிட்டால் அந்த விசிறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தெரு மூலையில் அவளுக்கு டீக்கடை. உள்ளே அடுப்பும் அவளும் மட்டும்தான் நிற்கலாம். வாடிக்கைக்காரர்களுக்கு வெளியே, ஒரு பெரிய மரத்தின் அடியில், நாலைந்து மேசை. கடைக்குக் கூட்டம் வந்தது டீக்காகவா நிழலுக்காகவா என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். கோபம் எதற்குத்தான் வராது? திட்டுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அம்மா போன பிறகு சுண்டுவை அவள் திட்டித் திட்டித்தான் வளர்த்தாள். ஒரு தடவை சுண்டு கடையில் சர்க்கரை டப்பாவைத் தட்டிவிட்டாள். "கண்ணை எங்கடி வெச்சுட்டு வந்தே, தலைக்குள்ள மூளையா களிமண்ணா" என்று ஆரம்பித்து, அவள் இரண்டாம் வகுப்பில் தொலைத்த குடை வரைக்கும் போய்விட்டுத்தான் ஓய்ந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சுண்டுவும் சிரித்தாள். திட்டு முடிந்ததும் ஸ்பெஷலாக ஒரு டீ வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மூலையை ஒட்டியே ஒரு டவர் வரப்போகிறது என்று கோப்பு வந்தபோது சுண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் தெருவைத் தன் கையாலேயே செய்யப்போகிறாளே. மாடல் முடியும் தறுவாயில் அக்காவை வரச் சொன்னாள். அக்கா பிளாஸ்க்கில் டீயோடு வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊரையே குனிந்து பார்த்தாள்.

"என் கடை எங்கடி?"

"இதோ."

"இதா? இதுக்குள்ள என் பாத்திரமெல்லாம் எப்படிடி வெப்பேன்?" என்றவள் இன்னும் குனிந்தாள். "ஆமா, மரத்தைக் காணோமே."

"மரமெல்லாம் வைக்க மாட்டோம்கா. கட்டடம் மட்டும்தான்."

"நல்லா இருக்கு. மரம் இல்லாத என் கடை, மூக்கில்லாத மூஞ்சி மாதிரி இருக்கு. வெச்சாத்தான் என்ன, உன் சொத்தா குறைஞ்சிடும்?"

மரம் வைக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்து என்ஜினியர் போட்ட விதி. நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். பேசினால் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "மரம் இன்னைக்கு நிக்கும், நாளைக்கு நிக்காது. அதை நம்பி நாம எதையும் எழுதிடக் கூடாது." மரம் இல்லாமல் சோதித்தால், மோசமான நிலை என்னவென்று தெரியும், மரம் இருந்தால் அதற்கு மேல் ஆதாயம். அவ்வளவு எளிய கணக்கு அது. சுண்டுவுக்கும் மனப்பாடம்தான்.

ஆனாலும் அக்கா கேட்டுவிட்டாளே. அவள் இதுவரை தங்கையிடம் எதையும் கேட்டதில்லை. அக்கா போனதும் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு ஒன்றைப் பிய்த்து, செம்புக் கம்பியில் கோத்து, பச்சை அடித்து, கிளை கிளையாக விரித்து, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மரம் செய்தாள். அவள் செய்ததிலேயே அழகான பொருள் அதுதான். விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாதென்று தாராளமாகப் பசை போட்டு ஒட்டினாள். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். "இலை கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று பதில் வந்தது. அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

சுவர்களின் விசையை அளந்து முடித்த பிறகு, கடைசியில் தெருச் சோதனை. இது பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். மாடல் தெருக்களில் நைசான மணலைச் சலித்துத் தூவி, விசிறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். உயரமான டவர் மேலே போகிற காற்றைப் பிடித்துக் கீழே தள்ளும். அந்தக் காற்று தரைக்கு வந்து மூலைகளில் சீறிக்கொண்டு திரும்பும். எந்த இடத்தில் மணல் முதலில் பறக்கிறதோ அந்த இடத்தில் நாளைக்கு மனிதன் நடக்க முடியாது. அங்கே டவரின் முதல் மாடி மட்டத்தில் அகலமாக ஒரு கூரையை நீட்டச் சொல்லி அறிக்கை எழுதுவார்கள். இறங்குகிற காற்றை அது தடுத்து, தெருவுக்கு வராமல் விலக்கிவிடும்.

அன்றைக்குப் பார்த்து என்ஜினியர் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். கன்னம் பன் மாதிரி வீங்கி, வாயில் பஞ்சு. ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"அது ரொம்பப் பழைய மரம் சார். எங்க அக்கா கடை வாசல்ல இருக்கு. அதை யாரும் தொட மாட்டாங்க," என்றாள் சுண்டு.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வலித்தது, கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விசிறி சுழன்றது. வடக்கு மூலையில் மணல் போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் வழித்துவிட்ட மாதிரி போயிற்று. அக்காவின் மூலையில் மட்டும், அந்தப் பஞ்சு மரத்தைச் சுற்றி, மணல் தூவினது தூவினபடி கிடந்தது. சுண்டுவுக்குக் கைதட்டலாம் போல இருந்தது. வடக்கே கூரை தேவை, நிறுத்தத்தின் பக்கம் கூரை தேவை, அந்த மூலைக்குத் தேவையில்லை என்று அறிக்கை போயிற்று. தேவையில்லை என்று எழுதினால் எந்த முதலாளி கட்டுவான்?

டவர் எழும்பியது. திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். குரலில் சத்தமே இல்லை.

"மரத்தை வெட்டுறாங்கடி. கார் கீழ்த்தளத்துக்கு இறங்குற பாதைக்காம். அனுமதிச் சீட்டெல்லாம் காட்டுறாங்க."

சுண்டு கையில் சூடான கம்பியோடு நின்றாள். எதிரில் யாருடைய வீடோ பாதி அறுபட்டுக் கிடந்தது. என்ன நடக்கப்போகிறது என்று அந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் அந்த நொடியில் தெரிந்தது. "அடடா" என்று மட்டும் சொன்னாள். பாவி, வேறென்ன சொல்வாள்?

காற்று வந்தது. அடுப்பு அணைந்தது, ஏற்றினால் மறுபடி அணைந்தது. காகிதக் கப்புகள் ரோட்டைக் கடந்தன. மேசை மேல் கல் வைத்தார்கள். நாற்காலி மேல் எதை வைப்பது, ஆள்தானே உட்கார வேண்டும்? தார்ப்பாய் கட்டினாள், ஒரே வாரத்தில் அது கிழிந்து கம்பத்தில் தொங்கியது. குடை பிடித்து வந்தவர்கள் குடையின் எலும்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள். "குடை ரிப்பேர் பழகியிருந்தா இப்ப மாடி வீடு கட்டியிருப்பேன்" என்றாள் அக்கா. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக டவரின் உள்ளேயே இருந்த காபி மிஷினுக்குப் போய்விட்டார்கள். வியாபாரம் எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "ஈ ஓட்டலாம்னு பார்த்தா, அந்த ஈயையும் காத்து ஓட்டிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுண்டு டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க ஆளுங்க காத்தைப் பார்க்கிறவங்கதானே, ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லேண்டி" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். சுண்டு, சாருக்கு வேலை என்றாள், சார் ஊரில் இல்லை என்றாள், விசிறி ரிப்பேர் என்றாள். பொய்க்குப் பஞ்சமா? கடைசியில் அக்கா பொறுமை இழந்து, ஒரு மத்தியானம் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நேராக என்ஜினியர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

அவர் முழுக்கக் கேட்டார். பரணிலிருந்து பழைய மாடலை இறக்கச் சொன்னார். தூசி படிந்த தெருவின் மூலையில் அந்த மரம் பச்சையாக நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு சுண்டுவைப் பார்த்தார்.

"குறடு எடுத்துட்டு வாம்மா."

பசை விடவில்லை. திருகி இழுத்தபோது தெருவில் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. மணலைச் சலித்துத் தூவினாள் சுண்டு. விசிறி இன்னும் பாதி வேகத்துக்குக்கூட வரவில்லை; அக்காவின் கடை வாசலில் மணல் ஒரு சுழி சுழித்து எழுந்து, ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் போய்விட்டது. மற்ற எந்த மூலையையும் விட அதுதான் முதலில் போயிற்று.

அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். "இதேதான் சார். இப்படித்தான் சுத்தி அடிக்குது. யாரு நம்பினாங்க? இப்ப இதைக் காட்டி அவங்களைக் கேக்கலாமில்ல?"

என்ஜினியர் பேசவில்லை. இந்தத் தடவை அவருக்குப் பல் வலி ஒன்றுமில்லை.

"கேக்க முடியாதுக்கா," என்றாள் சுண்டு. "கட்டுறதுக்கு முன்னாடியே எங்ககிட்ட கேட்டாங்க. அந்த மூலையில ஒண்ணும் தேவையில்லைன்னு நாங்கதான் எழுதிக் கொடுத்தோம். மரத்தை வெச்சுப் பார்த்துட்டு எழுதினோம். மரம் இல்லாம பார்த்திருந்தா, உன் கடைப்பக்கமும் கூரை போட்டிருப்பாங்க. மரம் வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன்."

"நானும் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார் என்ஜினியர். "அவங்களுக்கு எழுதறேன்மா. ஆனா கட்டி முடிச்ச டவர்ல இனிமே கூரையை ஒட்ட வைப்பாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

சுண்டு காத்திருந்தாள். இரண்டாம் வகுப்புக் குடையிலிருந்து ஆரம்பித்தாலும் சரி, அம்மாவை இழுத்தாலும் சரி, அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்தாலும் சரி. அதற்குத்தான் அவள் நின்றாள். வாங்கிக்கொண்டால் கொஞ்சமாவது மூச்சு விடலாமே.

அக்கா மேசையில் கிடந்த பஞ்சு மரத்தை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த தெருத்துண்டைத் தடவிப் பார்த்தாள்.

"நான்தானேடி கேட்டேன்," என்றாள்.

"இல்லக்கா, நீ கேட்டா நான்—"

"நான் கேக்கலைன்னா நீ வெச்சிருப்பியா?"

அக்கா மரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எல்லோருக்கும் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்க்கோடு கிளம்பிப் போனாள்.

என்ஜினியர் சொன்னபடி எழுதினார். டவர்க்காரர்கள் பதில் மரியாதையாக எழுதினார்கள். அந்த மூலையில் இரண்டு பூந்தொட்டி வைத்தார்கள். முதல் வாரமே இரண்டும் உருண்டு நடுரோட்டுக்குப் போயின. அக்கா கடையை மூடினாள். இப்போது ஓர் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் டீ போடுகிறாள். ஜன்னல் இல்லாத சமையலறை, அடுப்பு அணைவதே இல்லையாம். அதைக்கூடச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, செய்தி மாதிரி சொன்னாள்.

சுண்டு விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்கா "வா" என்கிறாள், "சாப்பிட்டியா" என்கிறாள், நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள். தங்கைக்குப் போய் யாராவது நாற்காலியைத் துடைத்துப் போடுவார்களா? ஊர் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் இப்போது அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. சுண்டு தாமதமாக வந்து பார்த்தாள், சொல்லாமல் வராமல் இருந்து பார்த்தாள். "வேலை இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

போன வாரம் அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். சுண்டு பக்கத்தில் நின்றாள். அலமாரி ஓரத்தில் சர்க்கரை டப்பா, மூடி திறந்து இருந்தது. அக்கா திரும்பிப் பார்க்கிற நேரமாகப் பார்த்து, சுண்டு அதை முழங்கையால் இடித்தாள். நன்றாகத் தெரிகிற மாதிரியே இடித்தாள். டப்பா தரையில் விழுந்து உருண்டது, சர்க்கரை அடுப்படி முழுக்கச் சிதறியது. தலையைக் குனிந்துகொண்டு, களிமண் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"பரவாயில்லை விடு," என்றாள் அக்கா. "நீ அந்தப் பக்கம் போய் உட்காரு, கால்ல ஒட்டும்."

பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, மூலை மூலையாகப் பெருக்க ஆரம்பித்தாள்.