அவசரமாக ஆறிய தொட்டி

படப்பைக்கு வெளியே, தட்சிணாமூர்த்தி தன் நெல்வயலைத் தூர்த்துக் கட்டிய மயில்துத்தத் தொழிற்சாலையில் யூனிஸ்தான் ஒரே கெமிஸ்ட். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கொதிக்கும் நீலக் கரைசலைத் தொட்டியில் மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு போலப் படிகம் திரளும். அழுக்கெல்லாம் மிஞ்சிய நீரோடு போய்விடும். அவசரப்பட்டால் சேறுதான்.

தொண்ணூற்றிரண்டில் ஆர்டர் குவிந்தது.

"தொட்டியைச் சுத்திப் பச்சைத் தண்ணி வுடும்மா. மத்தியானம் லாரி வருது," என்றார் தட்சிணாமூர்த்தி.

"பொடியாயிடும் சார். சென்ட்ரிஃப்யூஜ்ல தண்ணி வடியாது. ஒரு பக்கமா அடைஞ்சிக்கிட்டு ஆட்டம் குடுக்கும்."

"ஆடினா ஆடட்டும். வால்வைத் தொற."

திறந்தாள்.

வேகமாகச் சுழன்று நீரை வெளியே தள்ளும் அந்த இரும்புக் கூடையில் கூலியாள் மாரி சேற்றை அள்ளிக் கொட்டினான். கூடை தடதடத்தது. அடைந்ததை ஒதுக்க, சுற்றும்போதே துடுப்பை உள்ளே விட்டான். எப்போதும் செய்வதுதான், வேலை தாமதமாகிறதென்று மூடியைக் கழற்றிப் போட்டதே முதலாளிதான். துடுப்போடு கையையும் இழுத்துக்கொண்டது. யூனிஸ் ஸ்விட்சை அணைப்பதற்குள் நீலச் சேறு ரத்தம் கலந்து கறுத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவதாகத் தெரிந்ததும், வேலை போனாலும் உண்மையைச் சொல்லிவிடுவதென்று யூனிஸ் முடிவெடுத்தாள். அதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் மனைவி அம்மணிதான் பேசினாள்.

"யக்கா, இது குடிச்சிட்டு வந்து கைய வுட்டுச்சின்னு சொல்லிடுக்கா."

"அவர் குடிக்கவே மாட்டாரே அம்மணி!"

"எனக்குத் தெரியாதாக்கா? மொதலாளி வந்துட்டுப் போனாரு. எனக்கு வேலை போட்டுத் தரேன்னாரு. நீ நாயம் பேசி கம்பெனிய மூடிட்டாங்கன்னா, அப்பால நாங்க இன்னா பண்றது?"

"நீங்க சொல்லுங்க மாரி."

"அது சொல்றத சொல்லிடுங்க மேடம்," என்றான், திரும்பாமலே.

இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னாள். குரல்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மணிக்கு வேலை கிடைத்தது, காலித் தொட்டியில் இறங்கி, ஒட்டிக்கொண்ட படிகத்தைச் சுரண்டும் வேலை. விரலிடுக்கெல்லாம் புண்ணாயிற்று. மாரியைத் தெருவில் குடிகாரன் என்றே பேசினார்கள். சில மாதங்களில் அவன் உண்மையிலேயே குடிக்க ஆரம்பித்தான்.

அம்மணி அதை யூனிஸிடம் சொல்லி அழுதாள். அந்த வாரமே யூனிஸ் வேலையை விட்டுவிட்டாள். அம்மணிக்கு அப்படி விட வழியில்லை.