ஒன்பதாம் எண் களாச்செடி

1

பீப்... பீப்... பீப்...

ஜேசிபி பின்னால் நகரும்போது போடும் சத்தம். இது என் கற்பனை இல்லை. போன செவ்வாய் காலை, கல்லூரித் தோழி ஞானகுமாரி போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது. "ஐயோ, நிறுத்துப்பா!" என்று கத்தினாள். போன் அறுந்தது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் சூரியன் தங்கத்தை உருக்கி...

வேண்டாம். எனக்குக் கோபம் வருகிறது, தங்கம் வரவில்லை.

ஞானகுமாரி தாவர ஆராய்ச்சியாளர். ஏரிக்குப் பக்கத்தில், மனை போடக் காத்திருக்கும் நிலத்தில் இருபத்துமூன்று காட்டுக் களாச்செடிகளைக் கண்டுபிடித்து எண் போட்டாள். ஒன்றின் காய் போல இன்னொன்றின் காய் இல்லை. போன வருடம் நோய் வந்து மற்றவற்றின் இலையெல்லாம் கருகியபோது ஒன்பதாம் எண் மட்டும் பச்சையாக நின்றது. அதன் விதை கிடைத்தால், தோட்டத்துக் களாவோடு கலந்து நோய் தாங்கும் ரகம் உருவாக்கலாம். (குச்சியை வெட்டி நடலாமே என்பீர்கள். நட்டாள், வேர் பிடிக்கவில்லை.) காய் பழுக்க இன்னும் பத்தே நாள்.

எல்லாச் செடியிலும் பளிச்சென்று சிவப்பு ரிப்பன் கட்டினாள். நிலத்துக்காரர் தினகரனிடம் கெஞ்சினாள். "கவலைப்படாதீங்கம்மா, டிரைவரைப் பார்த்துக்கச் சொல்றேன்" என்றார் அவர்.

[பத்திரிகை ஆசிரியர்: "களாக்காய்க்கா சார் கதை? ஒரு லவ் கிவ் வேணாமா?" லவ்தான் சார் இது.]

3

மனை விற்கும் நோட்டீசில் இருபத்துமூன்று வகைக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: 'முட்புதர்'. அதை அகற்றிவிட்டு அந்த நகருக்கு வைக்கப்போகும் பெயர், 'கிரீன் பெர்ரி கார்டன்'. பெயரில் மட்டும் பழம் வேண்டுமாம்!

ஜேசிபி டிரைவர் கோதண்டத்துக்கு முதல் வரைவில் சிவந்த கண்ணும் கடைவாய்ப் பீடியும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்து, அழுதவளிடம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

4

முடிவு அ: மண்ணைக் கிளறியதில் ஒன்பதாம் எண்ணின் பழுத்த பழம் ஒன்று கிடைக்கிறது. (பொய். எல்லாமே பழுக்காத காய்.)

முடிவு ஆ: தினகரன் வந்து மன்னிப்புக் கேட்கிறார். (அவர் போனையே எடுக்கவில்லை.)

முடிவு இ: ஞானகுமாரி ஜேசிபியின் முன்னால் படுத்து...

அதற்குள் வேலை முடிந்திருந்தது. சுற்றிலும் வேலிக்கருவை மட்டும் ஒரு முள் உதிராமல் நின்றது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. யாரைத் திட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள். நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் கோதண்டத்தின் பதிலில் வீணாகிவிட்டது.

"இன்னாக்கா, இதுக்குப் போயி அழுவுறே? 'ரிப்பன் கட்டுன செடிய பாத்துக்கோடா'ன்னு ஓனர் போன்ல சொன்னாரு. நானும் பாத்துப் பாத்து, ஒண்ணு உடாம எடுத்துட்டேன்!"