வழுக்காத தரை

கடைசி டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைத்துவிட்டு, உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தான் ரசமட்டம். எதையும் மட்டம் பார்க்காமல் விடமாட்டான் என்று வேலையிடத்தில் வைத்த பெயர் அது.

"இனிமே எண்ணெயைக் கொட்டிட்டு நடந்தாலும் நீ விழமாட்டே."

குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மனைவி சிரித்தாள். "ஊருக்கெல்லாம் வழவழன்னு போட்டுட்டு, எனக்கு மட்டும் உப்புத்தாளா?"

அவளுக்கு ஆறாம் மாதம் முடியப்போகிறது. முதல் குழந்தை இதே மாதத்தில்தான் தங்காமல் போனது. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார்கள். நர்ஸ் எவ்வளவோ சொல்லி அனுப்பினார். இவர்கள் மனதில் நின்றவை இரண்டுதான்: விழக் கூடாது, வலி வந்தால் ஓடி வரவேண்டும்.

"இந்தா, மறுபடியும் திரண்டுக்கிட்டான்."

கையைத் துடைத்துக்கொண்டு தொட்டான். வயிறு கல்லாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இளகியது. காலையிலிருந்து இதே விளையாட்டு.

"பிடிவாதக்காரன். உன்னை மாதிரி."

"மண்டைக் கெட்டியப் பார்த்தா உங்களை மாதிரிதான்."

இடுப்பு கடுக்கிறது என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்ததால் என்று அவன் தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தான்.

மதியச் சாப்பாட்டோடு வந்த அவன் அக்கா, மூன்று பெற்றவள், விளையாட்டைக் கேள்விப்பட்டு, "அத்தைக்கும் காட்டுடா உன் வித்தைய" என்று வயிற்றில் கை வைத்தாள். இறுகியது, இளகியது. அவள் கையை எடுக்கவில்லை. மறுபடி இறுகியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"எப்போலேருந்து?"

"காலையிலேருந்து, அண்ணி. வலியே இல்ல."

"வலி இல்லாட்டி என்ன? புள்ள புரண்டா ஒரு பக்கம்தான் முட்டும். இது மொத்த வயிறும் விட்டு விட்டு இறுகுது. தண்ணி மாதிரி ஏதாவது படுதா?"

"நேத்துலேருந்து கொஞ்சமா..."

"டேய், வண்டியக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியில் தையலையும் மீறி வாய் திறந்துவிட்டிருந்தது. "முதல்ல இறுகினப்பவே வந்திருந்தா பிரசவத்தை நிறுத்திப் பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

பையன். சாயங்காலம் வரை மூச்சு விட்டான். சிமெண்ட் அரித்த அப்பனின் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பிடியும் இளகியது.

வீடு திரும்பியதும் அவள் குளிக்கப் போனாள். "பார்த்து" என்றான் கதவுக்கு வெளியே நின்று, பழக்கத்தில். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தத் தரையில் இன்றுவரை யாருக்கும் கால் வழுக்கியதில்லை.