தம்பி பேரில் ஓர் அர்ச்சனை

பசி இருக்கிறதே, அதற்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. கூடப்பிறந்தவன் ஐஸ் பெட்டியில் கிடக்கிறான், ஊருக்குக் கொண்டுபோகிற காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாய் நாயாய் அலைந்தாகிறது. இந்த நேரத்திலும் ரசம் வாசனைக்கு நாக்கு ஊறுகிறதே என்று பெரியவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நின்றான்.

அவன் நின்றது கோயில் வாசலில், செருப்பு வைக்கிற இடத்தில். கோயில் என்றால் கோபுரம், குளம் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே டயர் கடை, மேலே ஒரு நீள ஹால். ஒரு கோடியில் சாமி, மறு கோடியில் அடுப்பு. சனிக்கிழமைதோறும் பூஜை முடிந்து சாப்பாடு போடுவார்கள். இதெல்லாம் சின்னவன் போனில் சொன்னதுதான்.

அந்தச் சின்னவன் செவ்வாய்க்கிழமை, பிழைக்க வந்த இந்த நாட்டுக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஊரில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவனை அவசர அவசரமாய் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். தம்பியின் அறையில் கூட இருப்பவர்கள் வேறு பாஷைக்காரர்கள். பாவம், அவர்களும் தட்டை நீட்டத்தான் செய்தார்கள். ஒரு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை. வந்ததிலிருந்து டீயும் வறட்டு ரொட்டியும்தான்.

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. அது மாமாவின் ஏற்பாடு. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மாமா வைத்ததுதான் சட்டம். "அக்காவுக்கு ஏற்கெனவே பிரஷர். ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கேன். உடம்பு வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நீ வாயைத் திறந்தே, தொலைச்சிருவேன்" என்றார். சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டார். தினம் அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளாதது இவனுக்குத்தானே.

அம்மா சும்மா இருக்கிற ஆளா? "அவன் வாராவாரம் போற கோயில் இருக்காமேடா. அவன் பேருல ஒரு அர்ச்சனை பண்ணு. போன்ல காட்டு, நானும் கும்பிட்டுக்கறேன்" என்று பிடித்துக்கொண்டாள். மழை என்றான், தூரம் என்றான், டவர் கிடைக்காது என்றான். "தம்பிக்காக ஒரு நாள் நனைஞ்சா கரைஞ்சா போயிடுவே?" என்றாள்.

தீட்டோடு கோயில் படியேறக் கூடாது. ஏறாவிட்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏறினாலோ, செத்தவனுக்கு ஆயுசு கேட்டு அர்ச்சனை. வாசலோடு நின்று, ஆள் கூட்டத்தைக் காட்டி, பூஜை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்பதுதான் அவன் போட்டிருந்த கணக்கு.

"நீங்க அவனோட அண்ணன்தானே?"

கையில் கரண்டியோடு ஒரு பெண் நின்றாள். சமையல் அக்கா என்று சின்னவன் சொல்லுவானே, அவள்தான்.

"மூக்கே காட்டிக் குடுக்குதே. எங்க அவன்? முதல் பந்தியில முதல் ஆளா உக்காருவானே."

"உடம்பு சரியில்லக்கா" என்றான். அந்தப் பொய் இப்போது தானாகவே வாயில் வந்தது.

"அதான் நீங்களும் இப்படிக் கறுத்துப்போயிருக்கீங்களா? உள்ள வாங்கண்ணே. செருப்புக்குக் காவலா வந்திருக்கீங்க?"

மறுத்துச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. கால் படியைத் தாண்டிவிட்டது. உட்காரவைத்து ஒரு டம்ளர் ரசம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். முதல் மடக்கு தொண்டையில் சுடச்சுட இறங்கியபோது கண் தானாக மூடிக்கொண்டது. மிளகும் பூண்டும் நெஞ்சு வரைக்கும் போய் ஏதோ ஒரு முடிச்சை அவிழ்த்தன. எவ்வளவு நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததற்காகவே அவனுக்கு அழுகை வந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை மறைக்கிற மாதிரி கீழே வைத்தான்.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. திரையில் அம்மா, குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு. பின்னால் மாமாவின் பனியன் மட்டும் தெரிந்தது.

"மணிச் சத்தம் கேக்குதே, வந்துட்டியா? சாமியைக் காட்டுடா."

சமையல் அக்கா விடுவாளா. "அவனோட அம்மாவா? குடுங்கண்ணே" என்று போனை வாங்கிக்கொண்டு, "சாமி, நம்ம பையனுக்கு உடம்பு முடியலையாம், ஒரு அர்ச்சனை" என்று குரல் கொடுத்தபடி முன்னால் நடந்தாள். பெரியவன் பின்னாலேயே ஓடினான். குருக்கள் பூவை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

போனுக்குள்ளிருந்து அம்மாவே சின்னவனின் பேரையும் நட்சத்திரத்தையும் ராசியையும் கணீரென்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கை கூப்பினாள். குருக்கள் ஆரம்பித்தார். பேர் வந்தது, நட்சத்திரம் வந்தது, அடுத்தது ஆயுசு என்று பெரியவனுக்குத் தெரியும்.

"சாமி, வேணாம். நிறுத்துங்க."

குருக்கள் பூவோடு அப்படியே நின்றார். "ஏம்ப்பா?"

"எனக்குத் தீட்டு சாமி. நான் உள்ளயே வந்திருக்கக் கூடாது."

ஹாலில் மணியை யாரோ கையால் பிடித்து நிறுத்தினார்கள். மாமாவின் கை திரையை மறைத்தது. அம்மா அதைத் தட்டிவிட்டாள். பெரியவனுக்கு என்ன தீட்டு, யாரால் வந்த தீட்டு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னைக்கு?" என்றாள்.

"செவ்வாக்கெழமைம்மா."

அம்மா முந்தானையால் நெற்றி விபூதியைத் துடைத்தாள்.

"அப்ப எனக்கும் தீட்டுதானடா. தெனம் தலைக்கு ஊத்திக்கிட்டு வெளக்கேத்தினேனே. எம்புள்ள பொழைச்சு வரணும்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே. ஒருத்தர்கூட என் கையைப் பிடிச்சு நிறுத்தலையே."

மாமா ஏதோ சொல்ல வந்தார். "நீ பேசாத" என்றாள் அம்மா. அந்த வீட்டில் மாமாவைப் பார்த்து அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

குருக்கள் சன்னதித் திரையை இழுத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். பெரியவன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சமையல் அக்கா வந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் தட்டு. அழுத முகத்தைக்கூட அவள் துடைத்திருக்கவில்லை.

"அம்மா வைக்க மாட்டேங்கறாங்கண்ணே" என்று போனைச் செருப்பு அலமாரியில் அவனைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தாள்.

"ஏம்மா, அவனுக்கு நீதானே போடுவே?" என்று அம்மா அவளைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"நல்லா சாப்பிடுவானா?"

"மூணு தடவை கேட்டு வாங்குவான்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "அவன் சாப்பிட்டதைத்தான் நான் பாக்கலை. இவனுக்குப் போடு, பாக்கறேன்."

பெரியவன் தட்டை மடியில் வைத்துப் பிசைந்தான். சோறு சூடாக இருந்தது. முதல் வாய் உள்ளே போகவில்லை, இரண்டாவது போயிற்று. மூன்றாம் தடவை சோறு வாங்கும்வரை அம்மா போனை வைக்கவில்லை.