கடைமடைக்கு வந்த கணினி

புதன்கிழமை காலை. கீழப்புதுக்குடி அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முழுவதும் ஒரே ஒரு கைப்பேசியை மொய்த்துக்கொண்டு நின்றது. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போதுகூட அப்படி ஒரு முட்டல் மோதல் இருக்காது. அனீஸா டீச்சருக்கு அவர் கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய கைப்பேசி அது. அதன் உள்ளங்கை அகலத் திரையில், தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆசிரியர் நேரலையில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். பள்ளியின் அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனபின் வேறு ஆள் வரவில்லை. பிள்ளைகளுக்கு இந்த வகுப்புதான் கதி.

சுவருக்கு அந்தப் பக்கம், அரசு மானியத்தில் வந்த கணினிகளும் சுவர் அளவுத் திரையும் பூட்டிய அறைக்குள் நிம்மதியாக உறங்கின. சாவி தலைமையாசிரியர் பஞ்சநதத்தின் சட்டைப்பையில் இருந்தது.

உடனே பஞ்சநதத்தைப் பொல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துத் தென்னையிலிருந்து தானாக விழுந்த தேங்காயைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். சத்துணவு முட்டை ஒன்று குறைந்தாலும் சமையல்கட்டையே இரண்டாக்கிவிடுவார். ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் கறைபடாத கை, கடைசியில் ஒரு கணினி உடைந்து தணிக்கையில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்குப் பொறுப்பு என்று அவரே பெயரும் வைத்துக்கொண்டார். கணினிகளுக்குச் சரிகைக்கரை வைத்து உறை தைத்துப் போட்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்துப்போய், தூசி துடைக்க வைத்து, மறுபடியும் பூட்டினார்.

"ஒரு மணி நேரம் திறந்து விடுங்க சார்," என்று அன்றும் கேட்டார் அனீஸா டீச்சர். "பின்னாடி நிக்கிற புள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"ஏதாவது உடைஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்றது? கவர்மெண்ட் சொத்து. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் இந்தப் புள்ளைங்க இங்க இருக்க மாட்டாங்களே சார்."

பஞ்சநதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோதெல்லாம் அவர் செய்கிற வேலை அது. டீச்சர் முணுமுணுக்காமல் வகுப்புக்குத் திரும்பி, கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தார். பாடம் முடியும்வரை, கை கடுக்கக் கடுக்க இறக்கவில்லை. அந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி அம்மையார் ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பஞ்சநதத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு போல உற்சாகம். அறையை அகலத் திறந்துவிட்டார். தூசி தும்பு இல்லை. கீறல் ஒன்று இல்லை. கை கட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் பிள்ளைகள்.

"யாராவது ஒருத்தர் வந்து, கம்ப்யூட்டர்ல என்ன கத்துக்கிட்டீங்கன்னு செஞ்சு காட்டுங்க பார்ப்போம்," என்றார் அந்த அம்மையார்.

தேன்மொழி எழுந்தாள். வகுப்பில் முதல் மாணவி. அறுவடை இயந்திரம் ஓட்டும் முருகையனின் மகள். கணினியின் முன் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உறையை எடுத்து நாலாக மடித்தாள். மஞ்சள் துணியால் திரையை ஓரம் விடாமல் துடைத்தாள். திரும்ப உறையைப் போட்டு, சரிகைக்கரை முன்பக்கம் வருமாறு இழுத்துவிட்டாள். பிறகு பெருமையோடு நிமிர்ந்து நின்றாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம்."

"கம்ப்யூட்டரைப் போடத் தெரியாதாம்மா?"

"அதெல்லாம் தொடக்கூடாது மேடம். உடைஞ்சிடும்னு பெரிய சார் சொல்லியிருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு சுத்தமான கம்ப்யூட்டர் ரூமை நான் எங்கேயும் பார்த்ததில்ல சார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல இன்னும் மானியம் வரலைன்னு நடையா நடக்கிறாங்க. இதையெல்லாம் அங்க அனுப்பிடட்டுமா?"

பஞ்சநதம் வாய் திறப்பதற்குள் தேன்மொழி கேட்டுவிட்டாள். "அப்ப எங்களுக்குப் பெரிய திரையில பாடம் வரவே வராதா பெரிய சார்?"

அவருக்குச் சுரீரென்றது. பஞ்சநதம் கடைமடை விவசாயியின் மகன். மேட்டூர் அணை திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்காலும் நிறைந்த பிறகு, மேலே எவனோ மடையை அடைத்துக்கொண்டதால் அப்பாவின் நாற்று கருகியதைக் கண்ணால் பார்த்தவர். எங்கிருந்தோ புறப்பட்டு இந்தக் கடைமடைவரை வந்து சேர்ந்ததைத் தானே அடைத்து வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"அனுப்பாதீங்க மேடம்," என்றார். "வந்த தண்ணியை மடையைத் திறக்காம வச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். ஒரே ஒரு மாசம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

பிள்ளைகளின் முன்னிலையில், அதிகாரியின் முன்னிலையில், தலைமுடி நரைத்த ஒரு மனிதர் தன் தவறைத் தன் வாயால் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். அது பஞ்சநதத்துக்கு இருந்தது. அதிகாரி ஒரு மாதம் தந்தார். சாவி அன்றைக்கே அனீஸா டீச்சரின் கைக்குப் போயிற்று.

அடுத்த புதன்கிழமை பெரிய திரையில் தஞ்சாவூர் ஆசிரியர் தோன்றியபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் கடைத்தெருவரை கேட்டது. பாடத்துக்குப் பிறகு கணினிகளில் படம் வரைந்தார்கள், கணக்குப் போட்டார்கள். பின்வரிசை என்று ஒன்றே இல்லாமல் போயிற்று.

மாதம் முடிவதற்குள், தேன்மொழி அழுதுகொண்டே தலைமையாசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டாகப் பிளந்த மவுஸ். அவள் பின்னாலேயே ஓடிவந்தார் அனீஸா டீச்சர்.

"கை தவறிடுச்சு பெரிய சார்... இனிமே தொடவே மாட்டேன் பெரிய சார்..."

பஞ்சநதம் அந்த மவுஸை வாங்கி மேசைமேல் வைத்தார். இந்த முறை மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"அழாதம்மா. இது புள்ளைங்க கை பட்டு உடைஞ்சது. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா, யாரு கையும் படாம இவ்வளவு நாள் கிடந்துச்சே, அதுக்குத்தான் என்கிட்ட பதில் இல்ல. புள்ளைங்களுக்குன்னு வந்ததை எடுத்துட்டுப் போறவன் மட்டும் திருடன் இல்ல. பூட்டி வைக்கிறவனும் திருடன்தான். கண்ணைத் துடைச்சுக்க. போ, போய் வேற மவுஸை எடு."