மகள் வீடு

தடதடவென்று கதவு அதிர்ந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த இருமல் சட்டென்று நின்றது.

"ஒளிஞ்சுக்காதீங்க ஐயா! இருமல் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு!"

கதவைத் திறந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாங்க மேடம். கட்டிலுக்கு அடியில நுழைய மூச்சு பத்தல, இல்லேன்னா மாமா நுழைஞ்சிருப்பார்."

நுரையீரல் நோயாளிகளுக்கு மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் பிசியோதெரபிஸ்ட், செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தாள். கிழத் தையல்காரர், துணி போட்டு மூடிய மெஷின் பக்கத்தில் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கிழமை முழங்கால் வலி. புதன்கிழமை மழை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு உறவுக்காரங்க வந்துட்டாங்க. இன்னிக்கு என்ன?"

"இன்னும் யோசிக்கல, மேடம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு வேற வேலையே இல்லைன்னு நினைச்சீங்களா? மாடிப்படி ஏறிக் காட்டினவர், இப்போ சட்டை மாட்டவே திணறுறீங்க! வகுப்புல மிச்சம் இருக்கறதே கொஞ்சம் பேர். நீங்களும் நின்னுட்டா ரூமைப் பூட்டிடுவாங்க. அப்புறம் எல்லாருக்கும் படுக்கைதான்!"

"கத்தாதீங்க, உங்களுக்கே மூச்சு வாங்குது. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க."

மருமகள் 'குபுக்'கென்று சிரித்துவிட்டாள்.

"நான் சொல்லிக் கொடுத்ததை என்கிட்டயே காட்டறீங்களா? விசில் சார் இல்லாம போரடிக்குது, அதானே?"

வகுப்பில் தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. மூச்சு விட்டால் அவர் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

"அவர் மகள் வீட்டுக்குப் போயிட்டார்னு அன்னிக்கே சொன்னேனே?" என்றாள் அவள்.

"சொன்னீங்க. அதுக்கு முன்னாடி டீச்சரம்மா?"

"அவங்களும்... மகள் வீட்டுக்குத்தான்."

"குடைக்காரர்?"

அவள் பார்வை வாசலில் கிடந்த செருப்புக்குப் போயிற்று. தையல்காரர் மெஷின் மேல் கிடந்த துணியின் சுருக்கத்தை விரலால் நீவினார்.

"விசில் சார் சாவுக்கு நானும் வந்திருந்தேன், மேடம். கூட்டத்துல கடைசியில நின்னீங்க. பார்த்தேன்."

மருமகளின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"இல்ல ஐயா... தெரிஞ்சா எல்லாரும் பயந்து நின்னுடுவீங்களேன்னுதான்..."

"பயமெல்லாம் இல்லை. எனக்கு இருக்கறது ஒரே பையன். நாளைக்கு நான் போயிட்டா, எந்த மகள் வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்வீங்க?"